கட்டாத கரண்ட் பில்லும் கொங்கு நாட்டில் ஐந்து நாளும்

முதல் நாள். ஜூன் 16, ஈரோடு

ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியற்காலையிலேயே ஈரோட்டில் இறக்கிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் டீக்கடைக்காரர் "சக்கரை போடலாமுங்களா கண்ணு?" என்று கேட்டபோதுதான் ஊருக்கு வந்துவிட்டேன் என்று பட்டது. சென்னையில் இருபது வருஷம் இருந்தும், அமுச்சியிடம் (அம்மாவின் அம்மா) போனில் பேசும்போது மட்டும் அம்மாவுக்கு இந்த ‘ங்க’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

வந்த காரணம் இதுதான். முதுகலைத் தத்துவத்தில் விடுமுறைக்கு ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார்கள்: சட்டமறுப்பு, மனசாட்சி, நல்ல வாழ்க்கை. படிக்கச் சொன்ன பட்டியலில் சாக்ரடீஸின் ஏதென்ஸ் இருக்கிறது, தோரோவின் ஊரான அமெரிக்காவின் கான்கார்டு இருக்கிறது, மார்ட்டின் லூதர் கிங் கடிதம் எழுதிய பர்மிங்காம் சிறை இருக்கிறது. காவிரிக் கரையில் ஒரு ஊர்கூட இல்லை. அமுச்சி வீடு பெருமாநல்லூர் பக்கம்தானே, போகிற வழியில் நாலு இடம் பார்த்துக்கொண்டே போகலாம் என்று கிளம்பிவிட்டேன். இந்தத் தலைப்போடு எனக்கு ஒரு பழைய பாக்கியும் இருக்கிறது. அதை இன்று எழுத மனசு வரவில்லை.

பெரியார் வீட்டை இப்போது பெரியார்-அண்ணா நினைவகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே என்னைத் தவிர ஒரு பள்ளிக்கூடப் பையனும் அவன் அப்பாவும்தான். நான் தேடிப் போனது அவரையல்ல, அவர் மனைவி நாகம்மையாரை. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். தடையுத்தரவு போட்டு ஆண்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். நாகம்மையாரும் நாத்தனார் கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். மறியலை நிறுத்தக்கூடாதா என்று கேட்டவர்களிடம் காந்தி, "அது என் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கிற இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது" என்கிற மாதிரி பதில் சொன்னார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. நூறு வருஷத்துக்கு முன்னால், வசதியான மண்டி வியாபாரி வீட்டுப் பெண்கள், கள்ளுக்கடை வாசலில். என்ன புடவை கட்டிக்கொண்டு போயிருப்பார்கள், வீட்டில் அன்றைக்கு யார் சமைத்திருப்பார்கள் என்றெல்லாம்தான் எனக்கு யோசனை ஓடியது.

கள் கூடாது என்று முடிவெடுத்ததும் பெரியார் தன் தோப்பில் 500 தென்னையை வெட்டிச் சாய்த்தார். இதைச் சட்டமறுப்பில் சேர்க்க முடியுமா என்று தெரியவில்லை. அவர் மரம், அவர் வெட்டினார். ஆனால் அடுத்தவனைத் தடுக்கப் போகும் முன்னால் நஷ்டத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் எல்லோரும் நடக்கலாம் என்பதற்காக இரண்டு முறை சிறைக்குப் போனார். இரண்டாவது முறை கடுங்காவல். காலில் விலங்கும் தலையில் கைதிக் குல்லாயுமாக அவரைப் பார்த்ததை அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான கேசவமேனன் எழுதி வைத்திருக்கிறார். நடக்கும் உரிமைக்காகப் போனவர் காலில் விலங்கு.

வெளியே வந்தபோது நல்ல வெயில். ஆனால் பாலக்காட்டுப் பக்கத்துக் காற்று ஆரம்பித்துவிட்டது, வேர்வை உடம்பில் தங்கவில்லை.

இரண்டாம் நாள். ஜூன் 17, சென்னிமலை, சிவன்மலை

முதலில் நேற்று எழுதியதற்கு ஒரு திருத்தம். தென்னையை வெட்டியது ஈரோட்டில் இல்லை, சேலத்துத் தாதம்பட்டித் தோப்பில். அம்மா போன் செய்து, "ஊர்க்காரங்க படிச்சா சிரிப்பாங்க" என்று திட்டினாள்.

சென்னிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் காதுக்குத்தான் ஊர் தெரிகிறது. தறிச் சத்தம். திண்ணையில் போர்வைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா, பேசுகிற பேச்சு நிற்காமல், பார்க்காமலே, நாலு நூலைச் சேர்த்து முறுக்கி முடிந்து அடுத்த நாலுக்குப் போய்க்கொண்டிருந்தார். கொடி காத்த குமரன் 1904-இல் பிறந்த ஊர் இது. நெசவுக் குடும்பம். அவரைப் பற்றி நாளைக்கு.

கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய மலை என்பதால் கூட்டம் எப்போதும் உண்டு. படியேறினேன், மூச்சு வாங்கியது, அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

தீரன் சின்னமலை கதைதான் இன்றைக்கு முக்கியம். மைசூருக்குப் போன வரிப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல்" என்று அனுப்பினாராம். சின்ன வயதில் அமுச்சி சொல்லும்போது மலைதான் ஏதோ வாயைத் திறந்து பணத்தை முழுங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பணத்தைப் பறிக்கிறவன் பெயரை மறைப்பான். இவர் முகவரியோடு சேர்த்துச் சொல்லி அனுப்புகிறார். பின்னால் வெள்ளைக்காரனோடு மோதி, 1805-இல் சங்ககிரியில் தூக்கு. கத்தியெடுத்தவரைச் சட்டமறுப்பில் சேர்க்கமாட்டார்கள் எங்கள் வகுப்பில். சரி, சேர்க்க வேண்டாம். பெயர் சொன்னதை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் காங்கேயத்துப் பெரியம்மாவோடு சிவன்மலை. இங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. பக்தர் யாருடைய கனவிலாவது முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் வந்து கோயிலில் சொல்ல வேண்டும். உடனே நம்பிவிடமாட்டார்கள். சாமி முன்னால் பூப் போட்டுக் கேட்பார்கள். உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அடுத்த கனவு வரும்வரை அதுதான். மண் வைத்திருக்கிறார்கள், துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வைத்த பிறகுதான் சுனாமி வந்தது என்று அர்ச்சனைத் தட்டு விற்ற அம்மா அடித்துச் சொன்னார்.

எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று பெரியம்மா கேட்டாள். அதை விடுங்கள். அந்தப் பூக் கேட்கிற ஏற்பாடு இருக்கிறதே, அதில்தான் நின்றுவிட்டேன். ‘என் மனசாட்சி சொல்லிற்று’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கொலைகாரனும் சொல்வான். உள்ளே கேட்ட குரலை வெளியே கொண்டுவந்து பத்துப் பேர் முன்னால் வைத்துச் சோதிக்க ஒரு வழி வேண்டாமா? சாக்ரடீஸுக்கும் ஒரு குரல் கேட்குமாம். ஆனால் அது ‘இதைச் செய்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை, ‘வேண்டாம்’ என்று தடுக்க மட்டும்தான் வருமாம். கனவைவிட அதற்குக் கட்டுப்பாடு ஜாஸ்தி.

மலைமேல் காற்று பெரியம்மாவின் முந்தானையைத் தூக்கித் தூக்கி அடித்தது. தூரத்தில் சென்னிமலை தெரிகிறது என்றாள். எனக்கு எல்லா மலையும் ஒன்றுபோல்தான் இருந்தது.

மூன்றாம் நாள். ஜூன் 18, திருப்பூர்

1932 ஜனவரி 10. காந்தியைக் கைது செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊர்வலத்துக்குத் தடை. கொடியோடு போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. மண்டை உடைந்து விழுந்தபோதும் குமரன் கொடியை விடவில்லை. அடுத்த நாள் உயிர் போனது. வயது 27. மனைவி ராமாயி.

இதெல்லாம் ஐந்தாம் வகுப்பிலேயே படித்ததுதான். நினைவிடத்தின் முன்னால் நின்றபோது புதிதாகத் தோன்றியது ஒன்றுதான்: அன்றைக்குக் காலையில் ராமாயியிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார்? ‘போயிட்டு வர்றேன்’ என்றுதானே? எங்கள் பட்டியலில் இருக்கிற எந்தக் கட்டுரையும் வாசலில் நிற்கிறவளைப் பற்றி எழுதவில்லை.

சரி, அந்தப் பாக்கியை இங்கேயே எழுதிவிடுகிறேன். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. இளங்கலை படிக்கும்போது பெண்கள் விடுதிக்கு ஆறரை மணிக்குக் கேட் மூடிவிடுவார்கள். பையன்களுக்கு ஒன்பதரை. மனு கொடுத்துப் பார்த்தோம், பதில் இல்லை. ஒருநாள் 41 பேர் ஆறரைக்கு உள்ளே போகாமல் கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தோம். கோஷம் கிடையாது, சும்மா புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு. ஒன்பதரைக்கு எழுந்து வரிசையாக உள்ளே போனோம். எல்லோரும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளையும் காவலாளியிடம் கொடுத்தோம். அந்தத் தாளை வைத்துத்தான் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் போன் போட்டார்கள். டைப் அடித்த மன்னிப்புக் கடிதம் தயாராக மேஜையில் இருந்தது. அப்பா போனில் திட்டவில்லை, "ஃபீஸ் கட்டின கடனே இன்னும் முடியல பாப்பா" என்றார். 38 பேர் கையெழுத்துப் போட்டோம். நான் ஏழாவதோ எட்டாவதோ. மூன்று பேர் போடவில்லை, இரண்டு வாரம் நீக்கினார்கள். அந்த மூவரில் ஒருத்தி என் அறைத்தோழி. திரும்பி வந்த பிறகும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அவளோடு பேச என்னிடம்தான் ஒன்றும் இல்லாமல் போனது.

அடுத்த வருஷம் கேட் நேரத்தை எட்டு மணி ஆக்கினார்கள். அதை நானும்தான் அனுபவித்தேன்.

காதர்பேட்டையில் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) இரண்டு கைவைத்த பனியன் வாங்கினேன். நொய்யல் பாலத்தில் ஆட்டோ நின்றபோது ஓட்டுநர் மூக்கைச் சுளித்துக்கொண்டே, "மழை பேஞ்சா போதுமுங்க, ராத்திரில தொறந்து உட்ருவாங்க" என்றார். சாயத் தண்ணீரைச் சொல்கிறார். சுத்திகரிப்பு முழுசாக இல்லாத சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011-இல் உயர்நீதிமன்றமே உத்தரவு போட்டது. அதையும் மீறுகிறவர்கள் இருக்கிறார்கள். ராத்திரியில், மழையில், பெயர் தெரியாமல். மீறலிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. அதே ஆற்றங்கரைதான், அதே ஊர்தான்.

நான்காம் நாள். ஜூன் 19, பெருமாநல்லூர்

தேதி பார்த்துத்தான் வந்தேன். 1970-இல் இதே நாளில் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள்மேல் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். வருஷா வருஷம் நினைவுத்தூணுக்கு மாலை போடுவார்கள். அப்புச்சிக்கு இப்போது 83. மாமாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, தோளில் பச்சைத் துண்டோடு வந்தார். ஒரு சங்கம் மாலை போட்டுப் போனதும் அடுத்த சங்கம் வந்தது. சங்கத்துக்கு ஒரு மைக், ஒரு மாலை. "எல்லாம் ஒண்ணா இருந்தவங்கதான்" என்றார் அப்புச்சி, யாரையும் பார்க்காமல். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

வீட்டுக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் சாய்ந்ததும்தான் பேச்சு வந்தது. "ஒரு பைசா, ரெண்டு பைசான்னு டவுன்காரங்க சிரிச்சாங்க. எங்களுக்கு அது பைசாக் கணக்கு இல்ல கண்ணு. கேக்காம ஏத்துனான் பாரு, அது."

1972-இல் மாட்டு வண்டிகளோடு கோயமுத்தூருக்குப் போனதை ராத்திரிப் பயணத்திலிருந்து ஆரம்பித்தார். வண்டிக்கு அடியில் லாந்தர். தூக்குப் போசியில் புளிச்சோறு. ஊருக்குள் போய் ரோட்டை அடைத்து நிறுத்திவிட்டு மாடுகளை அவிழ்த்தாயிற்று. வண்டியைத் தள்ளிவிடப் போலீஸ் வந்தால்? "கடையாணியைக் கழட்டி மடியில கட்டிக்கிட்டோம். தள்ளுனா சக்கரம் கழண்டு உழுந்துரும். நடு ரோட்டுல ஆயிரக்கணக்குல வண்டி, ஒண்ணுலயும் ஆணி இல்ல!" சொல்லும்போது இடுப்பைத் தட்டிக் காட்டினார், ஆணி இன்னும் அங்கே இருக்கிற மாதிரி.

விவசாயிகள் சங்கத்தை நடத்திய வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவை அவர் ‘தலைவர்’ என்றுதான் சொல்கிறார், பெயர் சொல்வதில்லை. எழுபதுகளின் கடைசியில் கரண்ட் பாக்கியும் கடனும் கட்டமாட்டோம் என்ற காலத்தில், கேட்காமல் அதிகாரிகள் ஊருக்குள் வரக்கூடாது என்று பல ஊர்களில் பலகையே வைத்தார்கள். அப்புச்சியும் பில் கட்டவில்லை. லைன்மேன் வந்து பீஸைப் (ஃபியூஸ்) பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். மஞ்சள் அப்போது நட்டு நாலு மாசம் ஆன பயிர். அப்புச்சி பரணிலிருந்து, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற பழைய கவலைச் சாமானை இறக்கி, மாட்டைப் பூட்டிப் பார்த்தார். மோட்டார் வந்தபிறகு கிணற்றை ஆழப்படுத்தியிருந்தார்கள். வடம் தண்ணீருக்கு எட்டவில்லை.

"அப்புறம்?"

"அப்புறமென்ன. பன்னெண்டாம் நாளு அவனே வந்து பீஸை மாட்டிட்டுப் போனான். பயந்துட்டானுக. கடைசி வரைக்கும் நான் ஒத்த ரூபா கட்டல." 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. "தலைவருக்குத்தான் பாக்கக் குடுத்து வெக்கல." நாயுடு 1984 டிசம்பரிலேயே போய்விட்டார்.

கான்கார்டு ஊர்க்காரர் தோரோ கதையை அப்புச்சிக்குச் சொன்னேன். அடிமை முறையையும் மெக்சிகோ போரையும் நடத்துகிற அரசுக்குத் தலைவரி கட்டமாட்டேன் என்று வருஷக்கணக்கில் கட்டாமல் இருந்தவர். 1846-இல் தைக்கக் கொடுத்த செருப்பை வாங்கப் போனவரைப் பிடித்து ஒரு ராத்திரி சிறையில் வைத்தார்கள். யாரோ வரியைக் கட்டிவிட, காலையில் வெளியே அனுப்பிவிட்டார்கள். மனிதருக்குக் கோபம். கட்டியது அவருடைய அத்தைதான் என்று பலரும் நம்புகிறார்கள். போய்ச் செருப்பை வாங்கிக்கொண்டு, காட்டில் பழம் பறிக்கக் கிளம்பிவிட்டார். அப்புச்சி ரசித்துக் கேட்டார். "ஒரே ராத்திரியா?" என்று மட்டும் கொஞ்சம் இளக்காரமாகக் கேட்டார்.

உள்ளே மோர் சிலுப்பிக்கொண்டிருந்த அமுச்சி, "அத்தைக்காரி கட்டாம வேற ஆரு கட்டுவா" என்றாள்.

மத்தியானம் அப்புச்சி தூங்கியதும் அமுச்சி என்னைக் கூப்பிட்டாள். தகரப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே, அம்மாவின் தடுப்பூசி அட்டை, அதற்கும் கீழே மஞ்சள் துணியில் மடித்த ஒரு தாள். ஓரம் பூச்சி அரித்திருந்தது. மின்வாரிய ரசீது. கார்பன் எழுத்து ஊதாவாகப் பரவிப்போய், தொகை மட்டும் படிக்க முடிந்தது: 212 ரூபாய். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்புச்சியின் பெயர்.

"வெண்ணெய் வித்த சிறுவாட்டுக் காசு நூத்தம்பது இருந்துச்சு. மீதிக்கு ஒரு வெள்ளாட்டங்குட்டிய வித்தேன். நரி கொண்டு போச்சுன்னு சொல்லிட்டேன்."

ஆக, அரசாங்கக் கணக்குப்படி அப்புச்சி ஒழுங்காகப் பில் கட்டிய ஆள். ஊர்க் கணக்குப்படி கட்டாதவர். இரண்டு கணக்கும் இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒன்றுக்கொன்று தெரியாமல்.

தப்பில்லையா அமுச்சி என்று கேட்டேன். "மஞ்ச காஞ்சா ஆளுக்காரங்களுக்கு எதைக் குடுக்கறது? உங்கொம்மா அப்பக் கைக்குழந்தை. அந்த மனுசன் கட்டமாட்டேன்னு நின்னது நெசம். நான் அவரைக் கட்டச் சொல்லலியே." அப்புறம், "காய்க்கிற மரத்தை வெட்டுனாருன்னு சொல்றியே, அவங்கூட்டுல இதுமாதிரி ஒருத்தி என்ன நெனச்சான்னு கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை.

ஆளுக்காரர்கள் என்றதும் ஒன்று உறுத்தியது. காலனியில் இருந்து காட்டு வேலைக்கு வந்தவர்கள் அந்தப் போராட்டத்தில் வந்தார்களா? "வண்டிக்குப் பின்னால நடந்து வந்தாங்க" என்றாள். பில் கட்டாமல் இருப்பதற்கும் முதலில் சொந்தமாக ஒரு மீட்டர் வேண்டும். அவர்களுக்குத் தனி டம்ளர் எப்போது போனது என்றும் கேட்டேன். அமுச்சி பெட்டியை மூடி உள்ளே தள்ளினாள். வைக்கத்துக்கு ஈரோட்டிலிருந்து போனவர் இருந்தார். ஈரோட்டுக்கும் இந்தத் திண்ணைக்கும் ஐம்பது கிலோமீட்டர்தான்.

ராத்திரி என் கேட் கதையை அமுச்சியிடம் சொன்னேன். மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்த மூணு புள்ளைங்களும் ரெண்டு வாரம் எங்க தங்குனாங்க? சோத்துக்கு என்ன பண்ணுனாங்க?" என்றாள்.

எனக்குத் தெரியாது. இத்தனை நாளில் நான் கேட்டதே இல்லை.

(அப்புச்சி இதையெல்லாம் படிக்கமாட்டார். படிக்கிற மாமாக்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளவும்.)

ஐந்தாம் நாள். ஜூன் 20, கோவை

அவிநாசி வழியாகக் காந்திபுரம். ரயிலுக்கு நேரம் இருந்தது. நஞ்சப்பா சாலையில் சிறைச்சாலை மதிலை ஒட்டி நடந்தேன். 1908-இலிருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் வ.உ.சி. இதற்குள் இருந்தார். கப்பல் விட்டவரை மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். அந்தச் செக்கை உள்ளேயே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்தநாளான செப்டம்பர் 5-இல் மாலை போடுவார்கள். நான் பார்த்தது மதிலையும் அதன்மேல் ஓடிய கம்பியையும்தான். எதிரே ஒரு செல்போன் கடையில் ஏதோ குத்துப்பாட்டு.

1942 ஆகஸ்டில் சூலூர் விமானத் தளத்துக்குத் தீ வைத்தவர்கள் பலரும் சிறையில் வதைபட்டார்கள். ராத்திரியில் வைத்த தீ. தைரியத்தில் குமரனுக்குக் குறைந்தவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கட்டுரைக்குள் அவர்களை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. நொய்யலில் சாயத்தைத் திறந்துவிடுகிறவனும் ராத்திரியில்தான் வருகிறான். ‘பெயரோடு, பகலில்’ என்ற என் அளவுகோல் அங்கே உதவவில்லை, அமுச்சியிடமும் உதவவில்லை. கட்டுரையைத் திரும்பத்தான் எழுத வேண்டும்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பையைத் திறந்தால் வெண்ணெய் டப்பா இரண்டு. ஒன்றில் என் பெயர் இல்லை. அமுச்சி சொல்லாமலே வைத்திருக்கிறாள். ரயில் வர இருபது நிமிஷம் இருந்தது. அறைத்தோழியின் நம்பர் இன்னும் போனில் இருந்தது. மூன்று தடவை மணி அடித்ததும் எடுத்துவிட்டாள். என்ன பேசுவது என்று யோசிக்காமலே போட்டுவிட்டேன் போல.

"அந்த ரெண்டு வாரம் எங்கடி இருந்தீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "திருவான்மியூர்ல ஒரு அக்கா வீட்டு மொட்டைமாடில. ஆஸ்பெஸ்டாஸ் ரூம். ஏன்?" என்றாள்.

"சாப்பாடு?"

"காலைல பன்னு. ராத்திரியும் பன்னு. சரஸ்வதி பூஜை அன்னைக்கு மட்டும் அந்த அக்கா சுண்டல் குடுத்தாங்க." சிரித்தாள். "இதைக் கேக்கவா போன் பண்ணே?"

ஆமாம் என்றேன். வெண்ணெய் சாப்பிடுவாயா என்று கேட்டேன்.